அத்தான் பெயரில் ஒரு கதவு

கும்பகோணத்தில் என் மைத்துனர் ஓர் அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீசு, வருஷத்தில் நாலைந்து புத்தகம் என்று ஓடுகிற சின்ன அச்சகம். என் மாமனார் காலத்தில் அங்கே ஈய எழுத்துக்களைப் பொறுக்கி அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. வாசல் நிலைக்கு மேலே ஒரு காமிராவும், கணக்கெழுதும் மேஜைக்கு மேலே சுவரில் வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும் இருக்கின்றன. நத்தையின் கொம்பு மாதிரி அதற்கு இரண்டு கொம்பு. அதைத்தான் ரௌட்டர் என்கிறார்கள்.

2019-ஆம் வருஷம் ஆயுத பூஜைக்கு நானும் என் மனைவியும் கும்பகோணம் போயிருந்தோம். அக்டோபர் 7, திங்கட்கிழமை. அச்சு யந்திரத்துக்கும், காகிதம் வெட்டும் யந்திரத்துக்கும், மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் சந்தனம், குங்குமம் இட்டு மாலை போட்டார்கள். "அதை விட்டுவிட்டீர்களே!" என்று என் மனைவி அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். நாற்காலி போட்டு ஏறி அதற்கும் ஒரு பொட்டு வைத்தார் மைத்துனர். கற்பூரம் காட்டினோம். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. கணக்குக் கம்ப்யூட்டரின் உள்ளே இருந்ததெல்லாம் அதற்கு ஏழு மணி நேரத்துக்கு முன்பே பறிபோய்விட்டது என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. திரை அணைந்திருந்தது. அணைந்த திரைக்குத் தீபாராதனை செய்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

மறுநாள் விஜயதசமி. புதன்கிழமை காலையில் கணக்குப்பிள்ளை வந்து திரையைப் போட்டதும்தான் விஷயம் வெளிப்பட்டது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. எதையும் திறக்க முடியவில்லை. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திறந்தது. 'உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம். சாவி வேண்டுமானால் பிட்காயினாகப் பணம் அனுப்பவும்' என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது. கொள்ளைக்காரர்கள் இவ்வளவு இலக்கண சுத்தமாக எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை என் மாமனார் காலத்து மனிதர். எழுபதை நெருங்கியவர். கம்ப்யூட்டரை அறுபது வயதுக்கு மேல், பிடிவாதமாக, ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவர். முதலாளியை இன்னும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சனிக்கிழமை சாயந்திரம் ஒரு மெயில் வந்தது, தம்பி. காகிதக் கடை பில் என்று போட்டிருந்தது. அதைத் திறந்தேன். அதற்கப்புறம் எதையும் தொடவில்லை" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. மைத்துனருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. "தெரியாததை எல்லாம் ஏன் ஐயா திறக்கிறீர்கள்? பத்திரிகையில் தினமும் போடுகிறானே, படிக்கிறதில்லையா? ஆறு மாசக் கணக்கு! யார் யார் எவ்வளவு பாக்கி என்று இனி நான் யாரைக் கேட்பேன்?" என்று கத்தினார். வேலைக்காரப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாவலின் அச்சுப் படி அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒரு கிழவரை நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கும்போது, என் கையெழுத்துப் பிரதி வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து நான் நிம்மதி அடைந்துகொண்டிருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கணக்குப்பிள்ளை மேஜைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு மைத்துனரின் பெண் திருச்சியிலிருந்து வந்தாள். இஞ்சினீயரிங் மூன்றாம் வருஷம். அவள் வந்தவுடனே கம்ப்யூட்டரைப் பார்ப்பாள் என்று நினைத்தோம். அவளோ நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"இதை யார் கட்டமைத்தது, அப்பா?"

"காமிரா மாட்ட வந்த பையன்தான். ஏன்?"

"கடவுச்சொல் என்ன?"

மைத்துனர் விழித்தார். அவள் தன் மடிக் கம்ப்யூட்டரில் 192.168.1.1 என்று தட்டினாள். பெயர் கேட்டது, 'அட்மின்' என்று போட்டாள். கடவுச்சொல் கேட்டது; அதற்கும் 'அட்மின்' என்றே போட்டாள். கதவு திறந்துவிட்டது. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய சாவியை ஒருவரும் மாற்றவில்லை. இந்த மாதிரி மாற்றாத சாவிகள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை ஒரு ஜாபிதாவாக வைத்துக்கொண்டு, 2016-ல் 'மிராய்' என்கிற ஒரு நச்சு நிரல் உலகமெங்கும் உள்ள காமிராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துவிட்டதாம். அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி அந்தச் சேனையைக் கொண்டு தாக்கியதில் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்த நிரலை எழுதியதாகப் பின்னால் கோர்ட்டில் ஒப்புக்கொண்டவர்கள் மூன்று இளைஞர்கள். கல்லூரிக்குப் போகிற வயசு!

இங்கே அந்தப் பெட்டியின் விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கே அன்றுதான் விளங்கிற்று.

உலகத்தில் உள்ள பழைய மாதிரி இணைய முகவரிகள் ஏறக்குறைய 430 கோடிதான். ஆளுக்கொன்று வைத்தால் போதாது. ஆகையால் வீட்டுக்குள், கடைக்குள் மட்டும் செல்லுபடியாகிற தனி முகவரிகள் என்று சிலவற்றை ஒதுக்கினார்கள். 192.168 என்று ஆரம்பிப்பது அந்த வகை. அதற்கான விதி இப்போதிருக்கிற உருவத்தில் 1996-ல் வெளியாயிற்று. வெளியுலகத்துக்கு எங்கள் அச்சகம் முழுவதும் ஒரே கதவிலக்கம். உள்ளே மூன்று கம்ப்யூட்டர், காமிராப் பெட்டி, பையன்களின் செல்போன் எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம். யாருக்கு வந்த கடிதம் யாரிடம் போகவேண்டும் என்று ரௌட்டர்தான் ரேழியில் நின்று பிரித்துக் கொடுக்கிறது.

அந்த ஒரு முகவரிக்கு 65,536 வாசல்கள். போர்ட் என்கிறார்கள். இன்ன காரியத்துக்கு இன்ன எண் என்று வழக்கம் இருக்கிறது. இணையப் பக்கத்துக்கு 80, பூட்டிய பக்கத்துக்கு 443, தபாலுக்கு 25. இத்தனை வாசலா என்று பயப்படவேண்டியதில்லை. நாம் உள்ளிருந்து ஒரு கடிதம் அனுப்பினால் அதற்கு வரும் பதிலை மட்டும் காவல்காரன் உள்ளே விடுவான். கேளாமல் வந்து தட்டுகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவான். இந்தக் காவலுக்குத் தீயரண் என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். மேல்நாட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே, ஒன்றில் பிடித்த நெருப்பு மற்றதற்குப் பரவாமல் எழுப்பும் கனத்த சுவரின் பெயர்தான் அது. ஓலைக் கூரைகள் வரிசையாக எரிந்ததைச் சிறுவயதில் பார்த்த எனக்கு, அந்தப் பெயரைக் கேட்டதும் விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"தீயரண் இயங்குகிறது என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறதே! அப்புறம் எப்படி வந்தான்?" என்றார் மைத்துனர். நியாயமான கேள்வி.

"காவல்காரன் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான் அப்பா. இன்ன வாசலில் வருகிறவனை ஒன்றும் கேட்காமல் உள்ளே விடு என்று நாம் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அவன் என்ன செய்வான்?" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

ஒரு சின்ன அட்டவணை. நாலு வரி. முதல் இரண்டும் 80, 8000 என்று காமிராப் பெட்டிக்குப் போயின. மைத்துனர் வீட்டிலிருந்தே கடையைப் பார்ப்பதற்காகப் போட்டது. மூன்றாவது 5900. எங்கேயோ விற்றுவிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டருக்காக என்றைக்கோ திறந்தது. ஆள் போய் இரண்டு வருஷம் ஆகியும் கதவு அப்படியே இருந்தது. அந்த உள்முகவரியை ரௌட்டர் பிற்பாடு எடுத்து அச்சுக்கூடப் பையன் ஒருவனின் செல்போனுக்குக் கொடுத்திருந்தது. பழைய வாடகைக்காரன் பெயருக்கு வரும் தபாலெல்லாம் புதிய வாடகைக்காரன் தலையில் விடிகிற கதை!

நாலாவது வரி 3389. ஓரிடத்துக் கம்ப்யூட்டரை இன்னோரிடத்திலிருந்து இயக்குவதற்கான வாசல். அது கணக்குக் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பெயர் எழுதலாம். அந்த வரிக்கு எதிரே ஆங்கில எழுத்தில் 'அத்தான்' என்று எழுதியிருந்தது.

அந்த வீட்டில் அத்தான் நான் ஒருவன்தான்.

எனக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த வருஷம் ஏப்ரலில் நாவலின் அச்சுப் படிகள் சென்னைக்குப் பஸ் பார்சலில் வந்துகொண்டிருந்தன. ஒரு கட்டு வழியில் நனைந்துபோயிற்று. நான் கோபித்துக்கொண்டு மைத்துனருக்கு டெலிபோன் செய்து, "இந்தக் காலத்தில் இதற்கு வேறு வழியே இல்லையா, மாப்பிள்ளை?" என்று கேட்டேன். மூன்றாம் நாள் மாம்பலத்தில் என் மேஜையில் கும்பகோணத்துக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே தெரிந்தது. நான் இங்கே எலியை நகர்த்தினால் அங்கே அம்பு நகர்ந்தது. வந்த நண்பர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். நாலு தடவை உபயோகித்திருப்பேன், அதற்குமேல் இல்லை. மைத்துனர் இதற்காகவே நிலையான முகவரி வேண்டுமென்று மாதாமாதம் தனிப்பணம் கட்டியிருக்கிறார். காமிராக்காரப் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறக்கச் சொன்னார்கள், திறந்தான். சாத்தச் சொல்லுவதற்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதைவிட ஒன்று உறுத்திற்று. கணக்குப்பிள்ளை தினமும் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறவர். "ராத்திரி அத்தான் பார்ப்பார், அணைக்காதீர்கள்" என்று இவர் சொன்னபோது, "ஆளில்லாத இடத்தில் விளக்கு எரியலாமா தம்பி?" என்று அவர் கேட்டாராம். அதை ஒரு வேடிக்கையாக மைத்துனர் எனக்கே டெலிபோனில் சொன்னார். இருவருமாகச் சிரித்தோம்.

"மாமா, இதையும் பாருங்கள்" என்று அந்தப் பெண் கணக்குக் கம்ப்யூட்டரின் வருகைப் பதிவைக் காட்டினாள். யார் உள்ளே வர முயன்றார்கள், யார் வந்தார்கள் என்று அது தானே குறித்துக்கொள்ளும். குறிப்புப் புத்தகம் நிறைந்துவிட்டால் பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடும். ஆகவே சில நாள் கணக்குத்தான் மிச்சம் இருந்தது. ஆனாலும் அதில் தோற்றுப்போன முயற்சிகள் ஆயிரக்கணக்கில். ராப் பகலாக, ஒரு நிமிஷத்தில் பல தடவை, 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'யூசர்', 'டெஸ்ட்' என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மனிதன் அல்ல, நிரல். திங்கட்கிழமை விடியற்காலை 2 மணி 40 நிமிஷத்துக்கு ஒரு தட்டல் பலித்திருந்தது. கடவுச்சொல் அச்சகத்தின் பெயரும் 123-ம்! இவ்வளவு நாள் பலிக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். கணக்குப்பிள்ளையின் மெயிலையும் அவள் பார்த்தாள். காகிதக் கடையிலிருந்து வந்த நிஜமான பில். அதில் ஒரு சூதும் இல்லை.

ஒருவரும் பேசவில்லை. மைத்துனர் பூஜைப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்த அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் பெருந்தன்மை அது.

சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். "உங்கள் வரியை நீங்களே அழியுங்கள், மாமா" என்று மடிக் கம்ப்யூட்டரை என் பக்கம் தள்ளினாள். அழித்தேன். நிச்சயந்தானா என்று ஒரு தடவை கேட்டது. நிச்சயம் என்றேன். செத்துப்போன 5900-ஐயும் அழித்தோம். ரௌட்டரின் சாவியை மாற்றி நீளமாக ஒன்று வைத்தாள். வெளியூரிலிருந்து அந்தப் பெட்டியையே நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தது, அதை மூடினாள். பெட்டியின் உள் நிரலுக்குத் தயாரித்தவர்கள் வெளியிட்ட திருத்தம் ஒன்று வெகு நாளாகக் காத்திருந்தது, அதையும் ஏற்றினாள்.

காமிரா வரிகளுக்கு வந்தபோது மைத்துனர் தகராறு செய்தார். "அதை மூடிவிட்டால் வீட்டிலிருந்து நான் எப்படிப் பார்ப்பது? வேண்டுமானால் எண்ணை மாற்றி வைத்துவிடு. 80-க்குப் பதிலாக 47,000-ல் ஏதாவது ஒன்று. எவன் கண்டுபிடிப்பான்?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் சிரித்தாள். 2013-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஒரு கருவி செய்தார்களாம். ஒரே ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் நல்ல வேகமான இணைப்பும் இருந்தால், உலகத்தில் உள்ள அந்தப் பழைய மாதிரி முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட வாசல் திறந்திருக்கிறதா என்று 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடுமாம். ஒரு தெருவில் 65,536 கதவைத் தட்டுவதா பெரிய காரியம்? எண்ணை மாற்றினால் தட்டுகிறவர் கூட்டம் சற்றுக் குறையும், கதவு என்னவோ திறந்த கதவுதான் என்றாள்.

அதற்குப் பதிலாக அவள் செய்தது வேறு. ரௌட்டரிலேயே சுரங்கப் பாதை மாதிரி ஒன்றை அமைத்தாள். வி.பி.என். என்று அதற்குப் பெயர். அதற்கு மட்டும் ஒரு வாசல், 1194. மைத்துனரின் செல்போனுக்கு ஒரு சான்றிதழ், தனக்கு ஒன்று. சான்றிதழ் இல்லாதவன் எத்தனை கடவுச்சொல் சொன்னாலும் உள்ளே வரமுடியாது. அந்த வழியாக வந்தபின் காமிராவைப் பார்க்கலாம், கணக்கைப் பார்க்கலாம். "மாமாவுக்கும் ஒன்று போடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம் அம்மா, பஸ் பார்சலே போதும்" என்றேன். மைத்துனர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். "வெளியிலிருந்து பார்க்காமல் எப்படித் தெரியும்?" என்று அவள் தன் செல்போனின் சொந்த இணைப்புக்கு மாறி, அச்சகத்தின் முகவரியைத் தட்டிப் பார்த்தாள். 8000 திறந்தே இருந்தது! வரியை அழித்துவிட்டோம், வாசல் திறந்திருக்கிறது. எனக்குப் பேய்க் கதை படிப்பது மாதிரி இருந்தது. தேடிப் பார்த்ததில், உள்ளே இருக்கிற கருவிகள் நம்மைக் கேளாமலே ரௌட்டரிடம் சொல்லித் தமக்கு வேண்டிய வாசலைத் திறந்துகொள்ளும் வசதி ஒன்று இருந்தது. காமிராப் பெட்டி அதை உபயோகித்துத் தனக்குத் தானே திறந்துகொண்டிருக்கிறது. அந்த வசதியை மூடிவிட்டு மறுபடியும் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டினாள். பதில் இல்லை.

கோப்புகள் திரும்பவில்லை. கொள்ளைக்காரனுக்குப் பணம் கட்டவுமில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். மார்ச்சில் எடுத்து அலமாரியில் வைத்த நகல் ஒன்று இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்கெனவே ஏற்றியிருந்த விற்பனைக் கணக்கு கொஞ்சம் உதவிற்று. சில வாடிக்கைக்காரர்கள் தாமாகவே வந்து பாக்கியைச் சொன்னார்கள். சிலர் இன்றுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவருமாகத் தாராசுரம் போனோம். கணக்குப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பூஜை லீவா இன்னும்?" என்று அவர் மனைவி எங்களைக் கேட்டபோதுதான், அவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. காப்பி வந்தது. அந்த அம்மாள் உள்ளே போகும்வரை காத்திருந்து, நான்தான் சொன்னேன். வாசல், எண், என் பெயர், இரவு 2 மணி 40 நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னேன். உளறியிருப்பேன். மைத்துனர், "மன்னிக்கவேண்டும், ஐயா" என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் டம்ளரைப் பார்த்தார்.

கிழவர் வெகு நேரம் யோசித்தார்.

"அப்படியானால் நான் திறந்த அந்தக் கடிதம்?"

"நிஜமான பில்தான், தாத்தா" என்றாள் அந்தப் பெண்.

"காகிதக் கடை பில்தானே?"

"ஆமாம் தாத்தா."

"அது செவ்வாய்க்கிழமைக்குள் கட்டவேண்டியதாயிற்றே!" என்று அவர் மைத்துனர் பக்கம் திரும்பினார். "பணம் கட்டியாயிற்றா, தம்பி?"

மைத்துனர் என்னைப் பார்த்தார். கட்டவில்லை. இத்தனை அமளியில் யாருக்கு அது நினைவிருந்தது?

கிழவர் எழுந்து உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, குடையும் கையுமாக வெளியே வந்தார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அவர் மனைவிதான் உள்ளேயிருந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.